நாலு விரற்கடை

“மேடம், ரவைன்னா எனக்குத் தெரிஞ்சது உப்புமா ரவை ஒண்ணுதான். இது எத்தினி விசிலுக்கு வேகும்?”

செந்தமிழ்செல்வன் உள்ளங்கையில் கிடந்த ஈயக்குண்டுகளை உருட்டிக்கொண்டே கேட்டார். முப்பத்திரண்டு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். உத்தியோகம்தான் ரிட்டயர் ஆனதே தவிர வாய் இன்னும் டியூட்டியில் இருந்தது. அவரை உதவியாளராக வைத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் துப்பறியும் நிலையம் நடத்துகிற சிந்துஜாவுக்கு வயது முப்பத்தைந்து. அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவர் வம்புக்கென்றே மேடம் என்பார்.

“அண்ணே, கீழ வைங்க. வேலைக்கு வந்திருக்கோம்.”

கடலூர் முதுநகரில், ரயில் ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டின் முன்னறையில், மேசைமேல் பழைய போர்வையை விரித்து ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் படுக்க வைத்திருந்தார் லூர்துசாமி. எழுபத்திரண்டு வயது. துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ரவையைப் போட்டு, மறுபடி நாரை வைத்துக் கம்பியால் கெட்டித்துச் சுடுகிற பழைய ரகத் துப்பாக்கி அது. பயிரைக் காக்க என்று ஒரு காலத்தில் லைசென்ஸ் வாங்கியவர்கள் இன்று பன்றியையும் சுடுவதில்லை, பறவையையும் சுடுவதில்லை. வருடம் ஒருமுறை காணும் பொங்கலன்று முறைப்படி அனுமதி வாங்கிக் குமராட்சியில் கூடுவார்கள். கயிற்றில் தொங்கும் மண்சட்டியைக் குறிபார்த்து உடைப்பார்கள். பிரியாணி சாப்பிட்டு வீடு திரும்புவார்கள். நாற்பது பேர் இருந்த சங்கத்தில் இப்போது மிச்சம் பதினோரு பேர். அத்தனை பேரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள்.

இந்த வருடம் பிரியாணி முடிந்து கடைசிச் சுற்றில் முஹம்மது இஸ்மாயிலின் துப்பாக்கி குழாயோடு வெடித்துச் சிதறிவிட்டது. வலது கண் போயிற்று. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. உள்ளே மருந்து இருப்பதை மறந்து அதன்மேல் இன்னொரு முறை கெட்டித்துவிட்டார், வயசுக் கோளாறு என்று போலீஸ் எழுதிவிட்டது. நாளைக் காலை பதினொரு மணிக்குக் கலெக்டர் ஆபீசில் விசாரணை. வயசுக் கோளாறுதான் என்று முடிவானால் பதினோரு பேருடைய லைசென்ஸும் ரத்து. “எங்கத்தா ரெண்டு தரம் கெட்டிக்கிற ஆளே கெடையாது. அவுரு பேரக் காப்பாத்திக் குடுங்கக்கா” என்று மூன்று நாளைக்கு முன்னால் வந்து நின்றவள் இஸ்மாயிலின் மகள் தஸ்னீம். சென்னையில் வாழ்க்கைப்பட்டவள்.

லூர்துசாமி சிந்துஜாவின் முழங்கையை லேசாகத் தொட்டார். அவள் திரும்பியதும் முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“இந்தக் கம்பியப் பாரும்மா. சிவப்பு நூல் சுத்தியிருக்கு பாரு. குழா காலியா இருந்தா, கம்பிய உள்ள வுட்டதும் நூல் சரியா வாயிக்கிட்ட வந்து நிக்கும்.”

கம்பியை மெதுவாக, கொஞ்சமும் சத்தமில்லாமல் உள்ளே இறக்கிக் காட்டினார். நூல் குழாய் வாயைத் தொட்டது.

“உள்ள மருந்து இருந்தா?”

மறுபடி முழங்கையைத் தொட்டார். “நூல் மேலயே நின்னுடும். நாலு விரக்கடை கெட்டிச்சிருந்தா நாலு விரக்கடை மேல. துப்பாக்கி வாயத் தொறந்து சொல்லாதும்மா. அதுக்குப் பதிலா நூல் சொல்லும். எங்க பதினோரு பேரு கம்பியிலயும் நூல் இருக்கும்.”

“அன்னைக்கு மத்தியானம் துப்பாக்கியெல்லாம் எங்க இருந்துச்சு?”

“கொட்டாயில சாத்தி வச்சிருந்தோம். ஆளுக்குப் பத்து நிமிசம் காவல். யாரும் யாரையும் சந்தேகப்படுற கூட்டம் இல்லம்மா இது.” துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “எனக்கும் அவனுக்கும் ஒரே நாள்ல லைசென்ஸ் வந்துச்சு. எண்பத்து நாலுல. இப்ப தெனமும் பஸ் புடிச்சுப் போயி சாயந்திரம் அஞ்சு மணிக்கு அவனப் பாத்துட்டு வரேன். அவன் கண்ணு போனதுக்கு என் கண்ணு போயிருக்கலாம்.”

சிந்துஜாவுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஒரு மணி நேரம் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார், காப்பி கொடுத்தார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். இப்படி ஒரு சிநேகிதன் நமக்கு வாய்க்கவில்லையே என்றுகூட நினைத்தாள்.

“நல்ல மனுசன்தான் மேடம்” என்றார் செல்வன், காரில் ஏறியதும். “ஆனா எல்.கே.ஜி. டீச்சர் மாதிரி பேசுறாரு. கையத் தொட்டு, வாயத் தொறந்து... அடுத்து ‘அ’ போடச் சொல்லுவாருன்னு சிலேட்டத் தேடுனேன்.”

சிந்துஜா பின் சீட்டில் துண்டில் சுற்றிக் கிடந்ததை எடுத்துப் பிரித்தாள். இஸ்மாயிலின் கம்பி. துப்பாக்கியை மட்டும் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. இது அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன வேனில் கிடந்தது என்று தஸ்னீம் கொடுத்திருந்தாள். மூன்று நாளாகப் பார்த்தும் புரியாத இரும்புக் கம்பி இப்போதுதான் புரிந்தது.

கம்பி முழுக்கக் கையெண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்திருந்தது. சிவப்பு நூலை நகத்தால் ஒதுக்கினாள். நூலுக்கு அடியிலும் அதே கறுப்பு. ஆனால் நூலுக்கு மேலே, கைப்பிடிப் பக்கமாக, ஓரிடத்தில் மட்டும் மோதிரம் அளவுக்கு ஒரு வளையம் பளபளவென்று இருந்தது. பல வருடம் ஏதோ ஒன்று மூடிக் காப்பாற்றிய இடம். நூலுக்கும் வளையத்துக்கும் நடுவே விரல்களை வைத்தாள்.

“எத்தினி மேடம்?”

“நாலு.”

“சரியான சில்லறை” என்றார் செல்வன். பிறகு அவருக்கே உறைத்தது. “அப்படின்னா நூல எறக்கிக் கட்டியிருக்காங்க.”

“மொதல்ல பாய் துப்பாக்கியில யாரோ மருந்தக் கெட்டிட்டாங்க. அப்புறம் நூல நாலு விரக்கடை கீழ எறக்கிட்டாங்க. பாய் வந்து கம்பிய வுட்டுப் பாத்திருப்பாரு. நூல் வாயத் தொட்டிருக்கும். காலின்னு நெனச்சு இன்னொரு கெட்டு கெட்டியிருக்காரு. மறதியும் இல்ல, வயசுக் கோளாறும் இல்ல.”

“பதினோரு பேருல ஒருத்தன்.”

“பத்துப் பேருல ஒருத்தன்” என்றாள் சிந்துஜா.

குமராட்சிக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. போட்டி நடந்த இடம் கொள்ளிடக் கரைப்பக்கம் செம்பியனின் வயலையொட்டிய மேட்டு நிலம். செம்பியன் சங்கத்திலேயே இளையவர், வயது அறுபத்தாறு. கம்பியைக் கையில் வாங்கினார், பளபள வளையத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“நூல எறக்கியிருக்காங்க, வாஸ்தவம். ஆனா இதனால ஒண்ணும் ஆவாதும்மா.”

“ஏன்?”

“இருங்க.” உள்ளே போய்த் தன் துப்பாக்கியையும் கம்பியையும் கொண்டுவந்தார். வாயை மேலே நிமிர்த்தி, கம்பியை உள்ளே நழுவவிட்டார். டிங்! கோயில் மணி போல ஓசை எழும்பி அடங்கியது. “கேட்டீங்களா? காலிக் குழா இப்படித்தான் பாடும். உள்ள மருந்து இருந்தா தொப்புன்னு வுழும், சாணியில கல்லு வுழுந்தாப்ல. நாங்க நூலப் பாக்கறதே அப்புறந்தான். மொதல்ல காதுதான். கம்பிய வுட்டதுமே பாய்க்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்குப் பாம்புக் காதும்மா.”

சிந்துஜாவின் முகம் வாடிவிட்டது. கையில் கிடைத்த ஒரே நூல், அதுவும் அறுந்தது. சத்தம் கேட்டும் கெட்டித்தார் என்றால் மறுபடி வயசுக் கோளாறுதான். போலீஸ் எழுதியதே சரி என்றாகிவிடும்.

“லூர்துசாமி சார் இந்தச் சத்தத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே” என்றாள்.

“சொல்லாம இருக்க மாட்டாரே. இதத்தான மொதல்ல சொல்லணும்?” செம்பியன் ஆச்சரியப்பட்டார். “பாவம், அவுரும் உடைஞ்சு போயிருக்காரு. மறந்திருப்பாரு.”

கொட்டகைச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருந்தது. வெற்றி பெற்றவர்கள் பட்டியல். செல்வன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்டாப்பிங் பெயரைப் படிக்கிற குரலில் படித்தார். “முதல் பரிசு இஸ்மாயில், இரண்டாம் பரிசு லூர்துசாமி. முதல் பரிசு இஸ்மாயில், இரண்டாம் பரிசு லூர்துசாமி... ஏங்க, ஒரே டிக்கெட்டப் பத்தொம்பது தடவ அடிச்சிருக்கீங்க?”

செம்பியன் சிரித்தார். “பத்தொம்பது வருசமும் அப்படித்தான். நாங்க லூர்து மாமாவ ‘செகண்டு’ன்னுதான் கூப்புடுவோம். செகண்டு வந்துட்டாரா, செகண்டுக்குச் சோறு போடுன்னு. அவுரும் சிரிச்சுக்குவாரு. இந்த வருசந்தான் சாப்பாட்டுக்கு முன்ன ரெண்டு பேரும் நாலு நாலு சட்டி. சமம். கடைசிச் சுத்துல தெரிஞ்சிருக்கும். அடுத்த வருசம் பாதிப் பேருக்கு லைசென்ஸ் முடியுது, புள்ளைங்க யாருக்கும் இதுல இஷ்டம் இல்ல. இதுதான் கடைசிப் போட்டின்னு எல்லாருக்குமே தெரியும்.”

திரும்பும் வழியில் சிதம்பரம் வந்தபோது மணி நாலரை.

இஸ்மாயில் இருந்தது ஊருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் முதல் மாடியில். சிதம்பரத்தில் நாற்பது வருடம் குடைக்கடை நடத்தியவர். மனைவி மலிகா இறந்து மூன்று வருடம். அதிலிருந்து தனியாகத்தான் இருந்தார். வலது கண்ணில் பெரிய கட்டு, இடது கையில் கட்டு. முகத்தில் மிச்சமிருந்த ஒற்றைக் கண் மட்டும் வருகிறவர்களின் முகத்தை விட்டு நகராமல் இருந்தது.

மாஸ்க் போட்ட நர்ஸ் உள்ளே வந்து மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். பதிலில்லை. மறுபடி கேட்டாள். இஸ்மாயில் புன்னகைத்து, “அத கொஞ்சம் எறக்கிட்டுப் பேசும்மா, மூச்சு முட்டப் போவுது” என்றார். அவள் மாஸ்க்கை இறக்கிக் கேட்டதும், “ஆச்சே” என்றார்.

“வெடிச்சதுல காது அடைச்சிருக்குக்கா. போவப் போவ சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க” என்று தஸ்னீம் சிந்துஜாவிடம் மெல்லச் சொன்னாள். “எனக்கு எப்பவும் இவுரோட வம்புதான். சாதாரணமா போன் பண்ணா எடுக்கவே மாட்டாரு. வீடியோ கால்ல வா, பேத்தி மூஞ்சியப் பாக்கணும்பாரு.”

சிந்துஜா சட்டென்று நிமிர்ந்தாள்.

“எத்தினி வருசமா?”

“அது ஆச்சு, மூணு வருசம்.”

சிந்துஜா கட்டிலுக்கு எதிரே போய் நின்றாள். இஸ்மாயிலின் கண்ணைப் பார்த்து வாயை அசைத்தாள். குரலே கொடுக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

“மத்தியானம் ரெண்டு இட்லி சாப்பிட்டேம்மா. பசியே இல்ல” என்றார் இஸ்மாயில்.

தஸ்னீம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க என்னக்கா கேட்டீங்க?”

“பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கல” என்றார் செல்வன். “பாயிக்கு மட்டும் எப்படி வந்து சேந்துச்சு?”

“சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். சத்தமில்லாம” என்றாள் சிந்துஜா. “வெடிச்சு ஒம்பது நாள்தான் ஆவுது. உதட்டப் பாத்துப் புரிஞ்சிக்கிற வித்தைய ஒம்பது நாள்ல கத்துக்க முடியாது தஸ்னீம். உங்கத்தாவுக்குக் காது கேக்காம மூணு வருசமாவது ஆயிருக்கணும்.”

இஸ்மாயில் நல்ல கையால் போர்வையின் ஓரத்தைத் திருகினார்.

“லைசென்ஸுக்கு டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்கம்மா. காது போச்சுன்னா துப்பாக்கியும் போச்சு. சங்கமும் போச்சு. மலிகாவும் இல்லாத வீட்டுல நான் வேற எங்க போறது? அதான் வெளிய சொல்லல.”

“எங்கிட்டக் கூடவா அத்தா?” தஸ்னீமின் கண் நிறைந்துவிட்டது.

சிந்துஜா கம்பியை எடுத்துக் கட்டில்மேல் வைத்து நூலையும் வளையத்தையும் காட்டினாள். நிதானமாக, அவர் பார்க்கும்படியாகப் பேசினாள்.

“நூல யாரோ எறக்கியிருக்காங்க. பத்துப் பேருல யாரு வேணா செஞ்சிருக்கலாம். ஆனா காது கேக்கற ஆளுகிட்ட இந்த வேலை செல்லாது. கம்பி வுழற சத்தத்துலயே மாட்டிக்கும். அப்படின்னா இதச் செஞ்சவருக்கு நூல் ரகசியம் தெரிஞ்சா மட்டும் பத்தாது. உங்க காது ரகசியமும் தெரிஞ்சிருக்கணும்.”

இஸ்மாயில் வளையத்தை விரலால் தடவினார்.

“உங்ககிட்டப் பேசிப் பேசி ஒருத்தருக்குப் பழக்கமே மாறிப்போச்சு. காது நல்லாக் கேக்கற என்கிட்டயும் மொதல்ல முழங்கையத் தொட்டாரு. நான் திரும்பினப்புறம், வாய நல்லாத் தொறந்து, ஒவ்வொரு வார்த்தையாச் சொன்னாரு. ஒரு மணி நேரம் எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்தவரு அந்தச் சத்தத்த மட்டும் வுட்டுட்டாரு. கம்பியக் கூட சத்தம் வராம எறக்குனாரு.”

“எல்.கே.ஜி. டீச்சர்” என்று முனகினார் செல்வன். காலையில் அதை வேடிக்கையாகச் சொன்னவர் இப்போது சிரிக்கவில்லை.

“லூர்து மாமாவா?” தஸ்னீம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “தெனமும் ரெண்டு பஸ் மாறி வந்து கஞ்சி ஊட்டிட்டுப் போறாரே!”

சிந்துஜா காலையில் அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்திருந்தாள். பொய் சொல்லுகிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அழுதுகொண்டே உண்மையும் சொல்லி, அதற்குள் பொய்யையும் வைத்துக் கெட்டித்த ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்கே இப்படி வலித்தால் கட்டிலில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று பயந்துதான் நிமிர்ந்தாள். இஸ்மாயிலின் முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள் மெல்ல.

“மொத நாளே தெரியும்மா. ஆபரேசன் முடிஞ்சு முழிச்ச உடனே தெரியும். என் காது போனது இந்தத் துன்யா முழுக்க ஒருத்தனுக்குத்தான் தெரியும். நாந்தான் சொன்னேன். மலிகா எறந்துபோன வருசம், அவன் வீட்டுல உக்காந்து அழுதுகிட்டே சொன்னேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு பைபிள்மேல கைய வச்சான். அந்த வாக்கக் காப்பாத்திட்டான்மா. யாருகிட்டயும் சொல்லல.”

“அப்புறம் ஏன் தஸ்னீம் எங்களக் கூப்பிட்டப்ப நீங்க தடுக்கல?”

இஸ்மாயில் கம்பியைக் கட்டில் ஓரத்துக்குத் தள்ளினார்.

“வேற யாரு பேரையாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன்மா. பத்துப் பேரு இருக்காங்களே. வேற யாரு பேரா இருந்தாலும் நம்பியிருப்பேன்.”

செல்வன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரியாக ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. கையில் கஞ்சித் தூக்கோடு லூர்துசாமி வந்தார். சிந்துஜாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவரின் பார்வை கட்டில்மேல் கிடந்த கம்பியில் விழுந்தது. நூல் ஒதுக்கப்பட்டிருந்தது. வளையம் சாயங்கால வெளிச்சத்தில் மின்னியது. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. தூக்கை மேசையில் வைக்கப் போய், வைக்காமல், கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

“மச்சான்...”

இஸ்மாயில் அவருடைய உதடுகளைப் பார்த்தார்.

“கொல்லணும்னு நெனக்கல மச்சான். ஆண்டவர் சத்தியமா நெனக்கல. மருந்து ஜாஸ்தியானா தூக்கி அடிக்கும், குறி தப்பும், சட்டி உடையாது, அவ்ளோதான்னு நெனச்சேன். குழா வெடிக்கும்னு தெரியாது. பத்தொம்பது வருசம்டா. என் பேரே செகண்டுன்னு ஆயிப்போச்சு. ஒரு வருசம், ஒரே ஒரு வருசம்...”

இஸ்மாயில் அதுவரைக்கும் பார்த்தார். பிறகு சிந்துஜாவிடம் திரும்பினார்.

“நாளைக்கு விசாரணையில எல்லாத்தையும் சொல்லிடும்மா. என் காதப் பத்தியும். மத்த ஒம்பது பேரு லைசென்ஸும் தப்பிச்சா சரி. எனக்கு இனிமே அது வேணாம்.”

சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார்.

லூர்துசாமிக்கு அதன் அர்த்தம் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் தூக்கைக் கீழே போட்டுவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டார். சிநேகிதனின் முழங்கையைத் தொட்டார். மூன்று வருடமாக அந்தத் தொடுதலுக்குத் திரும்பாமல் இருந்ததே இல்லை அந்த முகம். இப்போது திரும்பவில்லை.

“கண்ணத் தொற மச்சான். மன்னிக்க வேணாம். நான் சொல்றத மட்டும் கேளு. கண்ணத் தொறடா!”

மறுபடி முழங்கையைத் தொட்டார். பிறகு எழுந்து, இஸ்மாயிலின் காதருகே குனிந்து, அழுதுகொண்டே, முதலிலிருந்து எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். வராந்தாவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடிவந்தாள். அவர் சொன்னது அந்த மாடி முழுக்கக் கேட்டது, இஸ்மாயில் ஒருவரைத் தவிர.